பனிச்சிங்கத்தின் பின்னங்கால்கள்

உலக மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: வரும் மார்ச் பத்தாம் தேதி, திபெத்திய எழுச்சி நாளன்று, டொராண்டோ மாநகரம் இதுவரை கண்டிராத மாபெரும் எழுச்சிப் பேரணி நடைபெறவிருக்கிறது. உறங்கிக் கிடக்கும் மனசாட்சிகள் அனைத்தும் அன்று விழிக்கும். பார்க்டேல் திபெத்தியர் ஒற்றுமை மன்றம் வாங்கியிருக்கும் புதிய ஒலிபெருக்கி முதன்முறையாக இயக்கப்படும். திருமதி தெச்செனின் மகள் செல்வி நோர்ஸோம் மேடையேறி, தாயகத்தில் வாடும் தன் சித்தியின் பெயர், ஊர், புகைப்படம் ஆகியவற்றை உலகத்தின் முன் வைத்துக் கண்ணீர் வடிப்பாள். குடும்பத்துடன் வருக. மோமோ உண்டு.

இதை எழுதி மன்றத்தின் இணையப் பக்கத்தில் காலையிலேயே போட்டவர் தலைவர் க்யுர்மே-லா. 'லா' என்பது பெயருக்குப் பின்னால் நாங்கள் ஒட்டுகிற மரியாதை. எல்லோருக்கும் ஒன்று போதும். தலைவருக்கு இரண்டு மூன்று ஒட்டினாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

செல்வி நோர்ஸோமுக்கு வயது பத்து. கண்ணீர் வடிப்பதாக அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவள் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு வேலைதான். பனிச்சிங்க ஆட்டத்தில் பின்னங்கால்.

எங்கள் பனிச்சிங்கத்துக்கு வெள்ளை உடம்பு, பச்சைப் பிடரி. உள்ளே இரண்டு பேர் நுழைய வேண்டும். முன்னால் நிற்பவன் தலையை ஆட்டுவான், வாயைத் திறந்து மூடுவான், கைதட்டு வாங்குவான். பின்னால் நிற்பவள் குனிந்தபடியே நடப்பாள். அவளுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்பவனின் கால்சட்டைதான்.

முன்னால் நிற்பவன் குங்கா. நோர்ஸோமின் வகுப்புதான்.

"ஏய் பின்னங்கால், ஒழுங்கா நட! சிங்கம் நொண்டுது பாரு!" என்பான்.

"முன்னங்கால் மூளையில்லாம ஓடினா, பின்னங்கால் என்ன பண்ணும்?" என்பாள் அவள்.

நோர்ஸோமின் சித்தியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஊரையும் சொல்லப் போவதில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி திபெத்திலிருந்து போன் செய்வாள். அம்மா தெச்சென் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்திருப்பாள். கண் எரியும். ஆனாலும் முகம் கழுவி, தலை வாரி, போன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

"அங்க மழையா?"

"இல்லக்கா, காத்துதான். அங்க?"

"பனி. முழங்கால் வரைக்கும்."

"யாக் மாட்டுக்கு இருமல்."

"ஐயோ. வெந்நீர் குடுத்தியா?"

இவ்வளவுதான் பேச்சு. போனை வைத்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். யாக் மாட்டின் இருமலுக்கு யாராவது அழுவார்களா?

"அம்மா-லா, ஏன் வேற எதுவுமே பேச மாட்டேங்கறீங்க?" என்று நோர்ஸோம் ஒருமுறை கேட்டாள்.

"அந்த போன்ல நாங்க ரெண்டு பேரு மட்டும் இல்லடி. ஒட்டுக் கேக்கறவங்களும் இருக்காங்க. வெளிநாட்டுல இருக்கிறவங்களோட என்ன பேசினேன்னு சித்தியைக் கூப்பிட்டு வச்சுக் கேப்பாங்க."

"மழையைப் பத்திப் பேசினா?"

"மழையைப் பத்தி என்ன கேக்க முடியும்?"

ஒருமுறை மட்டும் சித்தி வேறு மாதிரி பேசினாள். "பக்கத்து வீட்டுக்கு விருந்தாளிங்க வந்தாங்கக்கா. தொப்பி போட்ட விருந்தாளிங்க. நிறையக் கேள்வி கேட்டாங்க" என்றாள்.

அம்மாவால் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை மன்றத்துக் கூடத்தில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து மோமோ மடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவள் காதில் மட்டும் சொன்னாள். மோமோ மடிக்கிற மேஜையில் ஒருத்தி காதில் சொன்னால் அது மேஜையைச் சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகும்? முதல் தட்டு வெந்து இறங்குவதற்குள் விஷயம் தலைவரிடம் போய்விட்டது.

தலைவர் துள்ளிக் குதித்தார். "இதுதான் வேணும்! இத்தனை வருஷமா நான் பேசிப் பேசி யாரும் அழல. ஒரு சின்னப் பொண்ணு பேசட்டும். பேரோட, ஊரோட, போட்டோவோட! உலகமே அழும்!"

அறிவிப்பைப் பார்த்ததும் அம்மா கோட்டை மாட்டிக்கொண்டாள். கூடத்துக்கு ஓடினாள். நோர்ஸோமும் கூடவே ஓடினாள்.

"தலைவர்-லா, என் தங்கச்சி அங்க இருக்கா. இது வேணாம்."

"தெச்சென்-லா! பயப்படறீங்களா? பயம்கிறது நம்ம ரத்தத்துலயே கிடையாது!"

"எனக்கு இருக்கு, தலைவர்-லா."

கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படிப் பார்ப்பதே போதும். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி சரி, உங்களுக்காக அறிவிப்பை எடுத்துடறேன்" என்றார் தலைவர், பெரிய மனதோடு. "ஆனா பேச்சு பேச்சுதான். ஏற்பாடெல்லாம் ஆயிடுச்சு. நேரலை வேற."

அன்று சாயங்காலம் அறிவிப்பை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நோர்ஸோம் கேட்டாள். "நான் பேசலைன்னா என்ன ஆகும்?"

"நாட்டுக்காக ஒரு வார்த்தை பேசாத குடும்பம்னு சொல்லுவாங்க."

"பேசினா?"

அம்மா ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

மார்ச் பத்தாம் தேதி வந்தது. மூக்கு நுனி உறைகிற குளிர். சீனத் துணைத் தூதரகத்துக்கு எதிரே நடைபாதை முழுக்கக் கொடிகள். தூதரகக் கட்டடத்தின் மாடியில் ஒரு திரை மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. அது ஒவ்வொரு வருஷமும் விலகியிருக்கும்.

"சுருக்கமாக இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்" என்று தலைவர் ஆரம்பித்தார். எங்கள் கால்கள் மரத்துப்போகும்வரை பேசினார். புதிய ஒலிபெருக்கி நடுநடுவே 'கீய்ய்' என்று கத்தியது. அவர் பேச்சில் அந்த இடங்கள்தான் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டன.

பிறகு பனிச்சிங்கம் ஆடியது. குதித்தது, சுழன்றது, பிள்ளைகளைப் பயமுறுத்தியது. ஆட்டம் முடிகிற நேரத்தில் உள்ளே ஒரு கிசுகிசுப்பு.

"குங்கா, தலையைக் கழட்டாதே. நான் வெளிய வரப்போறதில்ல."

"அப்போ பேச்சு?"

"இங்கிருந்தே பேசறேன்."

"பின்னாடியிலிருந்தா?" குங்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிங்கமே குலுங்கியது.

"உங்க அத்தை அங்கதானே இருக்காங்க?" என்றாள் நோர்ஸோம்.

சிங்கம் குலுங்குவது நின்றது.

"கழட்ட மாட்டேன்" என்றான் குங்கா.

வெளியே தலைவர் முழங்கினார். "இதோ! தாயகத்தின் கண்ணீர்! செல்வி நோர்ஸோம், வெளியே வருக!"

சிங்கம் அசையவில்லை.

"வாம்மா, வா. நேரலை ஓடிட்டிருக்கு."

"வர மாட்டேன், தலைவர்-லா. உள்ளேருந்தே பேசறேன்."

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் மைக்கைச் சிங்கத்தின் வாயருகே கொண்டுபோய் நீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். "தலைவர்-லா! சிங்கம் அந்தப் பக்கமாப் பேசுது!"

மன்றத்தின் தலைவர், பட்டுச் சட்டையும் கழுத்தில் வெள்ளைத் துண்டுமாக, சிங்கத்தைச் சுற்றிக்கொண்டு போனார். பனியில் மண்டியிட்டார். வாலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மைக்கை அங்கே நீட்டினார். அங்கிருந்த அத்தனை போன்களும் படம் எடுத்தன. என் போனும் எடுத்தது, மறைப்பானேன்?

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதன் பிறகு குரல் வந்தது.

"எனக்கு ஒரு சித்தி இருக்காங்க. பேரு சொல்ல மாட்டேன். ஊரு சொல்ல மாட்டேன். நான் அவங்களை நேர்ல பார்த்ததே இல்ல. போன்ல மழையைப் பத்திப் பேசுவாங்க. வேற எதுவும் பேச முடியாது. அவங்களுக்கு என்ன பிடிக்கும், எதுக்குப் பயப்படுவாங்க, எதுவுமே எனக்குத் தெரியாது. கேக்கவும் முடியாது. நான் இப்போ பேரைச் சொல்லிட்டா அந்த மழையும் போயிடும். அப்புறம் எங்க அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமையே இருக்காது. அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. முன் வரிசையில் நின்ற ஒரு பெண் மாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகத் தன் கம்பளித் துண்டை இழுத்து முகத்தை மூக்குவரை மூடிக்கொண்டாள். அவள் பக்கத்தில் நின்றவரும் அப்படியே செய்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். அந்தத் தெருவில் நின்ற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. இல்லையென்றால், இருந்து போயிருந்தது.

தலைவர் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். கையில் மைக் இருந்தும் அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாடியில் அந்தத் திரை மூடிக்கொண்டது. வேலை முடிந்துவிட்டது போல.

ஞாயிற்றுக்கிழமை அம்மா முகம் கழுவி, தலை வாரி, போன் முன்னால் உட்கார்ந்தாள். வழக்கமாக மணி அடிக்கிற நேரம் வந்து, போயும்விட்டது. அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

தலைவர். கையில் ஒரு டப்பா மோமோ.

"வந்துச்சா?" என்றார்.

அம்மா தலையசைத்தாள். இல்லை.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாசற்படியிலேயே நின்றார். "அறிவிப்பைக் காலையில போட்டேன். சாயங்காலம் எடுத்துட்டேன். ஒரு பகல்தான். ஒரு பகல்ல யாரு பார்த்திருக்கப் போறாங்க? அங்க பனி ஜாஸ்தியா இருக்கும். டவர் எதாவது விழுந்திருக்கும். இல்ல?"

அம்மா போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். என்ன சொல்வது? என்ன நடந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது?

"எனக்கும் ஒரு தம்பி இருந்தான்" என்றார் தலைவர், தொப்பியைப் பார்த்தபடி. "இருக்கான். இருக்கான்னுதான் நினைக்கிறேன். நான் தலைவர் ஆகறதுக்கு முந்தியே போன் நின்னுபோச்சு."

நோர்ஸோம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கா இவ்வளவு பெரிய மைக் வாங்கினீங்க?"

"சத்தமாப் பேசினா கேக்குமோன்னு."

அவள் ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவின் பக்கத்தில் போட்டாள். கிண்ணத்தில் உப்புத் தேநீர் ஊற்றி, வெண்ணெய் கொஞ்சம் கூடவே போட்டுக் கொடுத்தாள்.

"உக்காருங்க, தலைவர்-லா. சேர்ந்தே பார்த்திட்டிருக்கலாம்."

அவர் உட்கார்ந்தார். மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீரின் மேலே வெண்ணெய் உறைந்தது. அவர் போகும்போது நோர்ஸோம் வாசல்வரை வந்தாள்.

"அடுத்த வாரமும் வாங்க" என்றாள்.

அவர் அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார்.

போன் வரவில்லை.