கடைசி ஆள் வரும்வரை

"என்ன நர்ஸம்மா, குறுக்கு வழியில ஓடி வந்துட்டீங்களா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் பேக்கரிக்காரர்.

நர்ஸ் சிரித்தாள். காட்டுப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், இடப்பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு வெகுநேரமாக நின்றிருந்தாள். "நான் எங்க ஓடினேன்? நட்டு வெச்ச கம்பம் மாதிரி இங்கயேதான் நிக்கிறேன்."

"அட, பின்னாடி புதர்வெளியில நின்னது யாரு? இதே சாம்பல் மழைக்கோட்டு. கடல் பக்கம் கையைக் காட்டிட்டு நின்னீங்களே! அந்தப் பக்கம் போனா நேரா பாதாளம்தான். எனக்குப் பழகின வழி, ஏமாறலை. ஆனாலும் இப்படியெல்லாம் விளையாடாதீங்கம்மா."

கை காட்டிய பக்கம் திரும்பி, தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். மரங்களுக்குள் அவர் காலடி தேய்ந்தது.

யாரைப் பார்த்து யாரென்று நினைத்தாரோ என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

அந்த நடைக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாதை பிரிகிற இடத்தில், முன்னால் போகிற தலைவர் தனக்கு அடுத்தவரை நிறுத்திவிட்டுப் போவார். நிற்பவர் கை காட்ட வேண்டும். கடைசி ஆளாக ஆரஞ்சுச் சட்டையில் டிரைவர் அண்ணன் வந்து சேரும்வரை இடத்தை விட்டு அசையக்கூடாது. நடப்பவர்களும் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. காட்டிய பக்கம் போவார்கள். இதனாலேயே இதுவரை ஒருவரும் வழி தவறியதில்லை.

டிரைவர் அண்ணனோடுதான் அவள் தங்கையும் வருகிறாள். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து எழுந்தவள். "நான் மெதுவாதான்க்கா வருவேன், எல்லாரும் திட்டுவாங்க" என்றவளை, "நீ ஆமை மாதிரி ஊர்ந்துகூட வாடி, திட்டுறவங்களை நான் பாத்துக்கறேன்" என்று வற்புறுத்தி அழைத்து வந்ததே இவள்தான். தங்கைக்கு இந்த வழி புதிது.

வழி புதிது.

நர்ஸ் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். போய்ப் பார்க்கலாமா? போன நேரத்தில் தங்கை இங்கே வந்து, வலப்பக்கம் திரும்பிச் சதுப்பில் இறங்கிவிட்டால்? கைப்பேசியில் சிக்னல் இல்லை. பிசின் வாடையும் மட்கிய இலைகளின் வாடையும் கலந்து தொண்டையில் இறங்கின. மரங்களுக்கு அப்பால் கடல், தூங்குகிற பெரிய மிருகம்போல இழுத்து இழுத்து மூச்சு விட்டது. இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த பறவைகள் எப்போது வாயை மூடின என்பதே தெரியவில்லை. நடுப்பகல். ஆனால் மரத்தடிகளில் நிழல் ஈரமாக, கறுப்பாகக் கிடந்தது.

நின்றாள். வழக்கம் அவளைக் கட்டிப்போட்டது.

கடைசியில் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. தனியாக.

"ரைட்டு, ரைட்டு! எல்லாரும் போயாச்சு, கையை இறக்கும்மா" என்று கூவிக்கொண்டே வந்தார் டிரைவர்.

"தங்கச்சி எங்கண்ணே?"

"என்னையக் கேட்டா? நீதானே கூட்டிட்டுப் போன! புதர்வெளியில நின்னு கடல் பக்கம் கையைக் காட்டுன. 'அக்கா கூப்பிடுது, போய்ட்டு வரேண்ணே'ன்னு புள்ள சிரிச்சுக்கிட்டே போச்சு. அக்காகூடத்தானேன்னு..." அவர் குரல் அடங்கியது. அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ எப்படிம்மா எனக்கு முன்னாடி இங்க?"

அவள் ஓடினாள்.

வேர் தடுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். முள் முகத்தைக் கிழித்தது. பின்னால் டிரைவர் ஏதோ கத்தினார். காடு முடிந்தது. வெளிச்சம் கண்ணில் அறைந்தது.

புதர்வெளி. அதன் எல்லையில் பாறை விளிம்பு. கீழிருந்து பொங்கி எழும் வெள்ளை மூடுபனி.

விளிம்புக்குச் சில அடி முன்னால் தங்கையின் முதுகு.

அவளுக்கும் முன்னால், சாம்பல் மழைக்கோட்டில் ஒருத்தி. முகம் கடலைப் பார்த்திருந்தது. வலது கை நேராக நீண்டிருந்தது. அவள் நின்ற இடத்தில் தரை இல்லை.

"நில்லுடி!"

தங்கை நின்றாள். திரும்பினாள். இந்த அக்காவைப் பார்த்தாள். அந்த அக்காவைப் பார்த்தாள். எது சரி என்று தெரியாத குழந்தைபோல விழித்தாள்.

'வா, இங்கே வா' என்று அழைக்க நர்ஸ் கையைத் தூக்கினாள்.

கை எழுந்தது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. முழங்கை மடங்கவில்லை. நேராக, விறைப்பாக, கடலை நோக்கி நீண்டது. இடது கையால் பிடித்து இழுத்தாள். நகத்தால் கீறினாள். இறங்கவில்லை. கத்த வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

தங்கையின் முகம் தெளிந்தது. இரண்டு அக்காக்களும் ஒரே பக்கம்தான் காட்டினார்கள்.

'சரிக்கா' என்று தலையசைத்துவிட்டு, அவள் திரும்பி நடந்தாள்.