இடது கன்னத்து மச்சம்

ஃப்ளோரன்ஸ் மழைக்கு நேரம் காலம் தெரியாது. குடையில் நீர் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தவனைப் பார்த்ததும் ஓர்னெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார்... மேஜையில இருக்கிறது நானூறு வருஷத்துக் காகிதம்! குடையை வெளியே வைங்க!"

"ஸாரிங்க..." குடையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான். "மியூசியத்துலேருந்து வர்றேன். என் பேர் லாப்போ."

அந்த லாப்போவா! பழைய காகிதங்களைச் செப்பனிடும் அவள், மேஜைமேல் இருந்த, மரத்தில் செதுக்கி அச்செடுத்த இந்தப் படத்தோடு இரண்டு வருஷம் மல்லாடி, இளவரசி இசாவ்ரா பன்னிரண்டு வயதில் தன்னைத் தானே செதுக்கியது என்று கட்டுரை எழுதினாள். 'இல்லவே இல்லை' என்று பதில் எழுதிய மகானுபாவன் இவன்தான். நாளை கண்காட்சி. படத்தின் கீழே யார் பெயர் என்பது இவன் கையில். இளவரசி இல்லையென்றால் ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

பாவி... கண்கள் மட்டும் அழகாக இருந்து தொலைத்தன.

"இளவரசிக்கு இடது கன்னத்துல மச்சம். இந்தப் படத்துலயும் இடதுதான்" என்றான். "அச்செடுத்தா இடம் வலமாயிடும். அதுக்காக முன்கூட்டியே திருப்பிச் செதுக்கத் தேர்ந்த கைக்குத்தான் தெரியும். பன்னிரண்டு வயசுப் பொண்ணுக்கு எப்படிங்க?"

"அவ எதையும் திருப்பலை. உக்காருங்க, காட்டறேன்."

சுவர்க்கண்ணாடி முன் அவனை உட்காரவைத்து, கையில் ஒரு தகடும் தூரிகையும் மையும் கொடுத்தாள்.

"கண்ணாடியில தெரியறதை அப்படியே வரைங்க."

வரைந்தான். பின்னால் நின்று எட்டிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உருளைக்கிழங்கா அது?"

"என் மூக்குங்க..."

மை காயுமுன் காகிதத்தை ஒற்றி எடுத்தாள். கோணல் மூக்கோடு லாப்போ. அவன் தோளுக்குப் பின்னால் சிரிக்கிற ஒரு பெண்... இடது கன்னத்தில் குழி. ஓர்னெல்லாவின் கை தன் கன்னத்துக்குப் போயிற்று. இடதுதான்.

லாப்போ கண்ணாடியையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கண்ணாடி ஒரு தடவை திருப்புது, அச்சு இன்னொரு தடவை... சரியாயிடுது. அவ தன்னைப் பார்த்தேதான் வரைஞ்சிருக்கா. தப்பு என்னோடது. நாளைக்கு அட்டையில இளவரசி பேர்தான். என் கடிதம் தப்புன்னும் நானே எழுதித் தர்றேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கோபம்தான் கைகொடுத்தது.

"உங்களை வரையச் சொன்னா... என்னை எதுக்கு வரைஞ்சீங்க?"

"தெரியறதை வரையச் சொன்னீங்க. உள்ளே வந்ததுலேருந்து எனக்கு நீங்கதான் தெரியறீங்க... உங்களைப் பிடிச்சிருக்கு, ஓர்னெல்லா."

வெளியே மழை வலுத்தது. அவள் கதவைத் திறந்து, நனைந்துகிடந்த குடையை உள்ளே கொண்டுவந்து மூலையில் சாத்தினாள்.

"எனக்கும்தான்... மழை விட்டதும் போகணும்னு இல்லை, இருங்க."