இன்னும் ஒரு சுற்று

சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போன நீளக்கைப்பிடி ஸ்பேனர், மெக்கானிக் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் என்ஜினில் மாட்டியிருந்தது. மறதிதான், வேறென்ன என்று சொல்லிக்கொண்டார். பையன் போனதிலிருந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற மனுஷன். ஆனாலும் அந்த ஸ்பேனரைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

வீட்டை ஒட்டிய ஷெட். தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டியது. கிரீஸும் பெட்ரோலும் ஈரத் துணியும் கலந்த வாசனைக்கு நடுவே, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் பழைய என்ஜினைப் பையன் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. "இது ஓடலப்பா, உருளுது. பெரிய என்ஜினா மாத்துவோம்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். பார்க்கலாம், பார்க்கலாம் என்று இவர் இழுத்தடித்தார். ஒரு காய்ச்சல், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில், அவ்வளவுதான். பிள்ளை போய்ச் சேர்ந்தான். பெரிய என்ஜின் இப்போதுதான் வந்திருக்கிறது.

"வித்துத் தொலைங்க இந்த வண்டியை," என்று மனைவி மத்தியானம்கூட அழுதாள். "அவன்தான் போயிட்டான். நீங்களாவது எனக்கு இருக்க வேணாமா?"

பாக்கி இருந்தது டைமிங் கோடு சேர்ப்பது மட்டும். அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மேலே நின்று ஸ்பேனரால் என்ஜினை மெல்லத் திருப்ப வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, பெல்ட் ஓடும் பல்சக்கரத்துக் கோடு பக்கத்துக் கோட்டோடு சேரும்போது நிறுத்தச் சொல்ல வேண்டும். இந்தச் சின்ன வண்டிக்குள் அந்தப் பெரிய என்ஜின் பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது; மேலே நின்றால் கோடு தெரியாது, கீழே படுத்தால் ஸ்பேனர் எட்டாது. அப்பனும் மகனும் இப்படி எத்தனை வண்டிக்குச் செய்திருப்பார்கள்! பையன் நடுநடுவே தகட்டில் இரண்டு தட்டு தட்டுவான். போதுமா என்று அர்த்தம். அப்பா வாயால் போதும் என்று வரும்வரை அவன் கையை எடுக்கவே மாட்டான்.

சும்மா பார்ப்போமே என்று டார்ச்சோடு வண்டிக்கடியில் நுழைந்தார். சிமெண்ட் தரை முதுகில் சில்லிட்டது. கோடு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இன்னும் கொஞ்சம்."

சக்கரம் நகர்ந்தது.

தலையைச் சாய்த்துப் பார்த்தார். முன் டயர்களுக்கு அந்தப் பக்கம் வெறும் தரை. யாருடைய காலும் இல்லை.

டிக். டிக்.

எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது, உடம்பு அசையவில்லை. சக்கரம் இன்னும் நகர்ந்தது. கொஞ்சம் தள்ளி, நின்று, மறுபடி கொஞ்சம். அவனுடைய கைவாகேதான். கோடு கோட்டோடு சேர்ந்தது.

"போதும்டா."

நின்றது. மழை மட்டும் கேட்டது.

"டேய் கண்ணா?"

ஒரு தட்டுகூட இல்லை. பயம் போன இடத்தில் அதைவிடப் பொல்லாதது வந்து உட்கார்ந்தது. வேலை முடிந்துவிட்டது, அதனால் போய்விட்டான். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான், இவர் தண்ணீர் வாங்கி வருவதற்குள்.

மெக்கானிக் அழுதுகொண்டே பொய் சொன்னார்.

"தாண்டிடுச்சுடா. இன்னும் ஒரு சுத்து."

டிக். டிக். சக்கரம் திரும்பியது.

தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கையை உயர்த்தி ஓடுகிற பெல்ட்டில் வைத்தார். மகனின் பலம் உள்ளங்கையில் தெரிந்தது. பெல்ட் விரல்களை மெல்ல இழுத்துக்கொண்டது. பல்லுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே.

எலும்பு நொறுங்கிய சத்தம் அவருக்கே கேட்டது.

டிக். டிக்.

போதும் என்று ஒரு சொல். சொன்னால் நிற்கும். சொன்னால் போய்விடுவான்.

வாசலில் மனைவியின் செருப்புகள். "யார்கிட்டங்க பேசிட்டிருக்கீங்க? ஐயோ, இந்த ஸ்பேனரு தானா சுத்துதே..." அவள் குரல் அறுந்தது. கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. "என்னங்க, வெளிய வாங்க! வந்துடுங்க!"

ரத்தம் முழங்கையில் வழிந்து, தரைச் சரிவில் இறங்கி, அந்தச் செருப்புகளை நோக்கிப் போனது.

டிக். டிக்.

"இன்னும் கொஞ்சம்டா கண்ணா," என்றார் அப்பா.

சொன்ன பேச்சு தட்டாத பிள்ளை. சக்கரம் திரும்பியது.