நீர்யானை மேல் பழி!

வீல்!

நீர்யானைக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் போட்ட அலறலில், துடைப்பம் ஒரு பக்கம் போய் விழுந்தது. அவள் ஒரு பக்கம் விழுந்தாள்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்... பச்சைத் தண்ணீரில்... நீச்சல் உடுப்போடு ஒரு மனிதன் குப்புற மிதந்துகொண்டிருந்தான்!

அவனைச் சுற்றி எண்பது மீன்கள். அத்தனையும் வயிறு மேலே!

மூலையில், இரண்டு காதுகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு குண்டுமணி. ஒன்றரை டன் பெண் நீர்யானை.

மணி காலை ஏழு பத்து.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் அங்கே இருந்தார். பின்னால் ஏட்டு. எதிரே, கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு பூங்கா மேனேஜர்.

"எல்லாம் நீர்யானையையும் மீனையும் கலந்து விட்டதால வந்த வினை சார்! ஆறு மாசத்துக்கு முன்னாடி மீன் நோய் தொத்தி ஆண் நீர்யானை செத்துச்சு, இன்னிக்கு இது! நீர்யானைக் குளத்துல ஜிலேபி மீனை விட்டா, சாணியையும் பாசியையும் தின்னுட்டுத் தண்ணியச் சுத்தமா வச்சுக்கும், ஜனங்களுக்கும் வேடிக்கைன்னு விட்டோம். மீனைப் பாத்துக்க ஒரு டைவர். அவர் உள்ள இறங்குறப்ப குண்டுமணி கொட்டடியில பூட்டி இருக்கணும். இன்னிக்குக் கதவு திறந்து கிடந்திருக்கு... அடிச்சிருச்சு!"

"டைவர்?"

"ஆஸ்பத்திரியில. மெஷின்தான் மூச்சு விடுது. யாரையும் உள்ள விடல."

"மீனெல்லாம் ஏன் செத்துச்சு? அதையும் அடிச்சுதா?"

கேள்வி மேனேஜருக்கு. பதில் பக்கத்திலிருந்து வந்தது. வெள்ளைக் கோட்டு, கையில் கையுறை. மிருக டாக்டர்.

"மூணு மீனை அறுத்துப் பாத்துட்டேன் சார். நீர்யானை புரண்டதுல அடிச்சேறு கிளம்பி, தண்ணியில ஆக்சிஜன் போயிருச்சு. மூச்சு முட்டிச் செத்திருக்கு. அவ்ளோதான்."

"குண்டுமணி?"

"ஒரு தடவ அடிச்சது மறுபடியும் அடிக்கும். மூணு மணிக்கு ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிடப் போறோம். மேனேஜர் கையெழுத்துப் போட்டாச்சு."

"விட மாட்டேன்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள் ஒருத்தி. காக்கிச் சட்டை. கையில் பாதிப் பூசணிக்காய்.

"இதைக் காட்டித்தான் குண்டுமணிய உள்ள கூப்பிட்டேன். சொன்ன பேச்சு கேட்டு உள்ள போச்சு சார். அப்புறம்தான் நான் குதிச்சு அவரை இழுத்தேன். ஆளை அடிச்ச மிருகம் அடுத்த நிமிஷம் பூசணிக்கு வருமா?"

"நீங்க யாரும்மா?"

"குண்டுமணியப் பாத்துக்கறவ..." பூசணியைக் கீழே வைத்தாள். "அவரோட சம்சாரம்."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"கல்யாணம் எப்போ?"

"மீன் விட்ட மறு வருஷம். குளத்துல மீனும் நீர்யானையும் ஒண்ணா இருக்கப் பழகுச்சு. கரையில நாங்க பழகிட்டோம்."

"கொட்டடிச் சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு. ஆபீஸ் ஆணியில ஒண்ணு. அதை யார் வேணாலும் எடுக்கலாம்."

ஏட்டு காதருகே வந்தார். "சார், நேத்து சாயங்காலம் புருஷன் பொண்டாட்டிக்குள்ள பயங்கர சண்டையாம். பெருக்குற பொண்ணு கேட்டிருக்கு."

கிசுகிசு அவளுக்கும் கேட்டுவிட்டது.

"ஆமா, சண்டைதான். குளத்தடியில என்னமோ கிடைச்சிருக்கு அவருக்கு. என்னன்னு கேட்டேன். 'சம்பந்தப்பட்டவருக்கு ஒருநாள் டைம் குடுத்திருக்கேன், அப்புறம் சொல்றேன்'னாரு. கட்டுனவகிட்ட அப்படி என்ன ரகசியம்னு கத்தினேன்..."

மேனேஜர் கைக்குட்டையை மறுபடி பிழிந்தார். டாக்டர் கையுறையைக் கழற்றினார். அவள் தரையைப் பார்த்தாள்.

மூன்று பேரில் ஒருவர் பொய் சொல்கிறார்... யார்?

இன்ஸ்பெக்டர் செத்த மீன்களில் இரண்டை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார்.

*

மதியம் ஒன்று. வீடு.

"என்னங்க இது? பிரமோஷன் கேட்டா மீன் குடுத்தனுப்பிட்டாங்களா?" மனைவி பையை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"அது சாட்சிடி! ஃப்ரிட்ஜ்ல வை. லேப்காரன் நாளைக்குத்தான் வருவான்."

முகம் கழுவித் திரும்பியவர் அதிர்ந்தார். ஒரு சாட்சி அரிவாள்மணையில் இரண்டு துண்டாகக் கிடந்தது!

"அடிப்பாவி! அறுத்துட்டியா?"

"அப்படியே வச்சா ஃப்ரிட்ஜ் நாறாதா? அத விடுங்க, இங்க பாருங்க. நடுமுள்ளு முறிஞ்சிருக்கு. ஓரமெல்லாம் ரத்தம் கட்டிக் கிடக்கு. போன வருஷம் கரண்ட் வச்சுப் புடிச்ச மீனை ஒருத்தன் என் தலையில கட்டப் பாத்தான். அச்சு அசல் இதே மாதிரி!"

இன்ஸ்பெக்டர் முகம் துடைத்த துண்டைக் கீழே போட்டார்.

"மூச்சு முட்டிச் செத்ததா இருந்தா?"

"மூச்சு முட்டுனா முள்ளு எப்படிங்க முறியும்? உடம்பு தூக்கிப் போட்டாத்தான் முறியும்."

இரண்டாவது சாட்சியையும் அறுக்கச் சொன்னார். அதே முறிவு. அதே ரத்தம்.

"சாப்பிட்டுட்டுப் போங்க!"

வாசலில் ஜீப் கிளம்பிவிட்டது. போகும் வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"டாக்டர், டைவர் உடம்புல கடிச்ச காயம், முட்டுன காயம் எதாவது?"

"ஒரு கீறல்கூட இல்ல சார். இதயம் திடீர்னு நின்னிருக்கு."

"ஷாக் அடிச்சிருந்தா தோல்ல தெரியுமா?"

"தண்ணிக்குள்ள அடிச்சா தடமே இருக்காது. ஏன் கேக்கறீங்க?"

இன்ஸ்பெக்டர் அடுத்து ஏட்டைக் கூப்பிட்டு, கரண்ட் இருக்கிற பம்ப் அறையைத் தேடச் சொன்னார். வேகத்தைக் கூட்டினார்.

*

இரண்டு ஐம்பது.

கொட்டடிக் கதவுக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள் அவள். பின்னால் குண்டுமணி புஸ்ஸென்று மூச்சு விட்டது. எதிரே டாக்டர். கையில் ஊசி. பக்கத்தில் மேனேஜர்.

"தள்ளும்மா! வேலையைப் பாக்க விடு!"

"மொதல்ல எனக்குப் போடுங்க!"

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார். பம்ப் அறையிலிருந்து ஓடிவந்த ஏட்டு அவர் காதில் ஏதோ சொன்னார். ஈரமான வயர்... நுனி சீவி, செம்பு பளபளக்க... பம்ப்புக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தது!

இன்ஸ்பெக்டர் சட்டென்று போனைக் காதில் வைத்தார்.

"ஹலோ... என்னது! கண்ணு முழிச்சிட்டாரா? பேசறாரா? யாருன்னு பேரையும் சொல்லிட்டாரா?"

"ஐயோ, சாமி!" அவள் கைகூப்பினாள்.

"அப்பாடா!" என்றார் மேனேஜர்.

டாக்டர் மட்டும் வெளிறிப்போனார்.

"சும்மா... சும்மா சொல்லாதீங்க சார்! அவ்ளோ கரண்ட்ல எவன் பொழைப்பான்?"

எல்லோரும் டாக்டர் பக்கம் திரும்பினார்கள்.

"நீர்யானை அடிச்சுதுன்னுதானே காலையிலேருந்து பேச்சு?" இன்ஸ்பெக்டர் நிதானமாக நெருங்கினார். "கரண்டை யார் டாக்டர் சொன்னா? நீங்க அறுத்த மூணு மீனுமா?"

ஊசி கீழே விழுந்து உருண்டது.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி ஆண் நீர்யானை செத்துச்சே..." டாக்டர் தரையைப் பார்த்துச் சொன்னார். "மீன் கொண்டுவந்த நோய்னு எழுதினேன். பொய். மயக்க ஊசி சுட்டேன்... அது தண்ணிக்குள்ள இறங்கிடாமப் பாத்திருக்கணும். பாக்கல. மயக்கத்துல மூழ்கிடுச்சு. குளத்தடியில கிடந்த அந்த ஊசி நேத்து டைவர் கையில சிக்கிருச்சு. 'நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் வாய் திறக்கல'ன்னான்..."

"மானத்தோட தப்பிக்க வழி விட்டவனை வயர் விட்டுக் கொல்லப் பாத்தீங்க. அப்புறம் வயரைச் சுருட்டிட்டு, பழி போட குண்டுமணியத் திறந்து விட்டீங்க. இப்ப அதையும் கொன்னுட்டா மூணு கணக்கும் முடிஞ்சுது. ஏட்டு, விலங்கு!"

டாக்டரை இழுத்துப் போனார்கள்.

"சார்... வண்டி கிடைக்குமா? அவரைப் பாக்கணும். என் பேரைச் சொன்னாரா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அதிகாரக் குரல் இறங்கியது.

"மன்னிச்சிடும்மா. போன்ல யாருமே இல்ல. பொய்."

அவள் அப்படியே கம்பியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கம்பிக்குள்ளிருந்து ஒரு பெரிய ஈர மூக்கு வந்து அவள் தோளில் உரசியது.

ட்ரிங்... ட்ரிங்...

இன்ஸ்பெக்டர் எடுத்தார். ஆஸ்பத்திரி. கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை அவள் காதில் வைத்தார்.

"அம்மா, நான் நர்ஸ் பேசறேன். கண்ணத் திறந்துட்டாரு! கையப் புடிச்சா அழுத்துறாரு! சீக்கிரம் வாங்க!"

அவள் சிரித்தாள். அழுதாள். எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. ஜீப்பை நோக்கி ஓடினாள்.

"சார்... நீங்க சொன்னது அப்படியே பலிச்சிருச்சே!" ஏட்டு வாயைப் பிளந்தார்.

"இதான்யா எனக்கும் புரியல!" இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். "இருபது வருஷமா கோர்ட்டுல நான் சொல்ற உண்மையெல்லாம் பொய்யாயிடுது... இன்னிக்குத்தான் முதல் தடவையா என் பொய் ஒண்ணு உண்மையாகி ஒருத்தன் பொழைச்சிருக்கான்!"