வாலுக்குத் திருப்பிய வலி

கோயம்புத்தூரில் நாய் குரைத்து வெகுகாலம் ஆகிவிட்டது.

கண் திறந்த சில வாரங்களுக்குள் குட்டியின் மண்டைக்குள் கடுகளவு மணி ஒன்றை வைத்துவிடுவார்கள். மடைமாற்றி என்று பெயர். வலியோ பயமோ கோபமோ, எது எழுந்தாலும் பல்லுக்கும் தொண்டைக்கும் போக விடாமல், வயலில் தண்ணீரைத் திருப்பிவிடுவதுபோல வாலுக்குத் திருப்பிவிடும். நரம்பு இளசாக இருக்கும்போதே வைத்தால்தான் பிடிக்கும்.

சரவணம்பட்டியில் மணி பதிக்கும் நிலையத்தில் அதை வைப்பதில் இளவேனிலை மிஞ்சிய கை கிடையாது. வைத்து முடித்ததும் குட்டியின் காதை இடுக்கியால் நசுக்கிக் காட்டுவாள். குட்டி வாலை ஆட்டும்.

"கடிக்கவே கடிக்காதுங்களா?" என்பார்கள் வாங்க வந்தவர்கள்.

"கடிக்கோணும்னு நெனச்சாலே வால்தானுங்க ஆடும்."

தன் மகன் நிகரன் தவழத் தொடங்கியபோது, தன் கையாலேயே மணி வைத்த குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பொரி என்று பெயரிட்டார்கள். நிகரன் அதன் காதைப் பிடித்து எழுந்து நின்றான், வாலைப் பிடித்து நடை பழகினான். அவளும் கணவன் தங்கவேலும் அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள்.

நிகரன் முதல் வகுப்பில் சேர்ந்த வருடம் பொரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. கால்நடை மருத்துவர் ரெஜினா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, படத்தை இளவேனில் பக்கம் திருப்பினார்.

"விலா எலும்புல பழைய முறிவே நாலஞ்சு இருக்கு, இளவேனில். முன்னங்காலு ரெண்டு தடவ உடைஞ்சு தானா கூடியிருக்கு. ஒரு கண்ணுல பார்வையே இல்ல. வீட்ல யாருமே கவனிக்கலையா?"

மேஜைமேல் படுத்திருந்த பொரி, ரெஜினா விலாவில் கை வைத்ததும் வாலை ஆட்டியது. உயிர் போகும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து நிகரனை உட்காரவைத்துக் கேட்டாள். அவன் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"கட்டையால அடிப்பேன். அதுக்கு ரொம்பப் புடிக்கும்மா."

"அதுக்கு வலிச்சிருக்கும் கண்ணு."

"வலிச்சா ஏம்மா வாலாட்டுச்சு?"

போதும் என்று ஓர் உறுமலில் சொல்லவும், மீறினால் பல் படாமல் கவ்வி எச்சரிக்கவும் தெரிந்த ஒரு பிராணியை அவள் ஊமையாக்கியிருந்தாள். அத்தனை வருடமும் அந்த வீட்டில் நிகரனிடம் யாரும் நிறுத்து என்று சொல்லவில்லை.

மகள் பிறந்தபோதுதான் அதன் முழு அர்த்தமும் புரிந்தது. நிகரன் பாப்பாவின் விரலை மடக்கினான். பாப்பா வீறிட்டாள். அவன் திகைத்துப்போனான். தன் கை பட்டு அப்படி ஒரு சத்தம் எழுந்து அவன் கேட்டதே இல்லை. பிறகு அவனுக்கு ஆத்திரம் வந்தது. இளவேனில் ஓடிவந்தபோது, சத்தத்தை நிறுத்துவதற்காகக் குழந்தையின் தொண்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"பாப்பா கெட்டுப்போச்சும்மா," என்றான்.

நிகரனைச் சேர்க்க விடுதிப் பள்ளிகளில் விசாரித்தார்கள். மணி வைத்த நாய்களோடு வளர்ந்த பிள்ளைகள்தான் எங்கும், எல்லாப் பள்ளியிலும் இதே கதை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தள்ளினால், ரத்தம் வந்த பிறகும் நிறுத்தத் தெரியவில்லை. இடமில்லை என்றார்கள்.

நிலையத் தலைவி சண்முகவடிவு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "மனுசக் குழந்தைக்கும் மணி வந்திருச்சு. பையனுக்கு வயசு தாண்டிப் போச்சு, வெச்சாலும் புடிக்காது. சின்னவளுக்கு வெக்கலாம்."

"அவ என்னங்க தப்புப் பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல. ஆனா அவ அழுதாத்தான அவனுக்கு வெறி வருது? சிரிச்சா விட்ருவான்."

இளவேனில் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுவாரம் பாப்பாவின் கழுத்தில் மறுபடியும் விரல் தடங்கள் சிவந்திருந்தன.

"பெத்த பையன எங்க கொண்டுபோயி விடறது? உயிரோட இருந்தாப் போதும், வெச்சுரு இளவேனி," என்று தங்கவேல் அழுதான்.

வேறு யார் கையையும் அவள் நம்பவில்லை. தானே வைத்தாள். மனிதருக்கு வாலில்லை, மடையை உதட்டுக்குத் திருப்பியிருந்தார்கள்.

அதன் பிறகு பாப்பா அழவே இல்லை. பசித்தால் சிரித்தாள். காய்ச்சலில் உடம்பு கொதித்தபோதும் சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரர்கள் இப்படி ஒரு பிள்ளை வேண்டும் என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

ஒரு ஞாயிறு காலை இளவேனில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் பாப்பா சிரித்தாள்.

செய்தி பார்த்துக்கொண்டிருந்த தங்கவேலின் முகம் மலர்ந்தது. "என்னமா சிரிக்கறா பாரு உம்பொண்ணு."

"நிகரன் எங்கீங்க?"

"இங்கதான இருந்தான்..."

சிரிப்பு நிற்கவில்லை. கலகலவென்று இன்னும் உரத்தது. இளவேனில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.