பூஜ்ய ஆண்டு

சாமான் அறைக் கதவின் அடியில் ஈரம் கசிந்திருந்தது. கணக்கண்ணன் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அந்த அறையில் குழாயும் கிடையாது, ஜன்னலும் கிடையாது; நீளவாக்கில் நாலு எட்டு வைத்தால் எதிர்ச்சுவர் மூக்கில் இடிக்கும். உள்ளே இருப்பது கால் உடைந்த நாற்காலிகள், சுருட்டிவைத்த விரிப்புகள், ஒரு பழைய ஒலிபெருக்கிப் பெட்டி, அவ்வளவுதான். தாழ்ப்பாளை நீக்கி எட்டிப் பார்த்தார். உள்ளே தரை காய்ந்துதான் கிடந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் மட்டும் ஈரம், அதில் தூங்கி எழுந்தவன் வாயைத் திறந்தால் வருகிற மாதிரி ஒரு வாடை. பழைய துணியை எடுத்துத் துடைத்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டார். அவருக்கு அன்றைக்கு இருந்த கவலையில் இதெல்லாம் ஒரு கவலையா?

பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். தையல்கடைக்கு மேலே இருக்கிற இந்த ஜெப அறையில் எல்லோருக்கும் கணக்கண்ணன். சுவரில் ஒரு கோடி முதல் மறுகோடிவரை நீண்டு தொங்கும் படம் அவர் கையால் வரைந்தது. எருசலேமைத் திரும்பக் கட்டச் சொன்ன கட்டளை பிறந்த ஆண்டு இடது ஓரத்தில். அங்கிருந்து தீர்க்கதரிசியின் எழுபது வாரங்கள், அதற்குப் பிந்திய காலங்கள், எல்லாம் நாளுக்கு ஒரு வருஷம் என்று பெருக்கி, கூட்டி, கழித்து, வலது ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம். கர்த்தர் வருகிற நாள். அந்த வட்டத்துக்குள் இருந்தது இன்றைய தேதி. நேரம் சூரிய அஸ்தமனம், ஆறு மணி. ஏனென்றால் வேதத்தில் நாள் பிறப்பது சாயங்காலத்தில்.

கணக்கு தப்பு. அது அவருக்குப் பத்தொன்பது நாளாகத் தெரியும்.

ஏழாம் வகுப்பில் எண்கோடு நடத்திக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. மைனஸ் ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று பலகையில் எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. கிறிஸ்துவுக்கு முன் ஒன்றாம் ஆண்டு முடிந்தால் அடுத்தது கிறிஸ்துவுக்குப் பின் ஒன்றாம் ஆண்டு. நடுவில் பூஜ்ய ஆண்டு என்று ஒன்று வரலாற்றிலேயே கிடையாது. இருபது வருஷமாக எண்கோடு வரைந்து வரைந்து பழகிய கை, இல்லாத ஒரு வருஷத்தைப் படத்தில் நுழைத்துவிட்டது. சரியாகப் போட்டால் வட்டம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். நல்ல வாத்தியார்! பையன்கள் பேசிக்கொள்ளும் சத்தத்தில் பலகையைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றார். முகமெல்லாம் எரிந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் தையல்காரர் வந்த துணிகளையெல்லாம் தைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, இவர்கள் இருபத்துமூன்று பேருக்கும் வெள்ளை உடுப்பு தைக்க உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் அக்கா பதினெட்டு வருஷ வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். கணக்கண்ணனின் மகள், ஒரே மகள், கல்லூரியில் கிடைத்த இடத்தைச் சேராமல் விட்டிருந்தாள். அப்பா சொன்னாரே என்றுதான் விட்டாள், மனசில்லாமல்தான் விட்டாள், அதுவும் அவருக்குத் தெரியும். சேருவதற்குக் கடைசி நாள் வர இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது. அந்த மூன்று நாளும் சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார். மூன்றாம் நாள் ராத்திரி, சரி, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனுஷன் எவ்வளவு கேவலமாகப் போக முடியும் என்பதை அவர் அன்றைக்குப் பார்த்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கெல்லாம் எல்லோரும் வந்துவிட்டார்கள். குளித்த சோப்பு வாசனை, கஞ்சி போட்ட புதுத்துணியின் மொடமொடப்பு, மின்விசிறியின் கிறீச், மேற்குப் பக்க ஜன்னலில் மஞ்சள் வெயில். யாரும் அழவில்லை. கல்யாண வீட்டுக்கு வண்டி வரக் காத்திருப்பவர்களைப் போலக் கலகலப்பாக இருந்தார்கள். பேக்கரிக்காரர் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேனே என்று யோசித்து, அப்புறம் தானே சிரித்தார். கணக்கண்ணனின் மனைவி மூன்றாம் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மகள் அவர் பக்கத்து நாற்காலியில். அவர் சட்டைப்பையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. ஆறு மணி தாண்டியதும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்று மூன்று வாக்கியம் எழுதி வைத்திருந்தார்.

பாடினார்கள். ஜெபித்தார்கள். வெயில் சுவரேறிப் படத்தின் சிவப்பு வட்டத்தைத் தொட்டு, மேலே போய், மங்கியது. ஆறு அடித்தது. ஆறு மணி நாலு நிமிஷம். ஆறு மணி ஒன்பது நிமிஷம். யாரோ இருமினார்கள். நர்ஸ் அக்கா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள், பிறகு இன்னொருவர், பிறகு எல்லோருமே. அவருக்குக் காது மடல் சுட்டது. பையில் கை வைத்து எழுந்தார்.

அப்போது சாமான் அறைக்குள் ஒரு நாற்காலி நகர்ந்தது.

உட்கார்ந்திருந்த யாரோ எழுந்திருக்கும்போது நாற்காலி பின்னால் போகுமே, அந்தச் சத்தம். அப்புறம் கதவில் தட்டல். அவசரமில்லாமல், மூன்று தடவை. உள்ளே இருந்து.

தையல்காரர் எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கணக்கண்ணன் பார்த்ததே இல்லை.

“என்னைத்தான் கூப்பிடுறாரு” என்றார். “உள்ள வந்துட்டாரு.”

கணக்கண்ணனுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்டது, அவர்கள் தலை அசைத்த விதத்திலேயே தெரிந்தது. தையல்காரர் போய்த் தாழ்ப்பாளை நீக்கி உள்ளே நுழைந்தார். கதவு தானாக மூடிக்கொண்டது. பிறகு மறுபடியும் மூன்று தட்டல். நர்ஸ் அக்கா எழுந்தாள். ஒவ்வொருவருக்கும் மூன்று தட்டல். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அந்தத் தூங்கி எழுந்த வாய் வாடை வெளியே வந்து, சோப்பு வாசனையை அமுக்கிவிட்டு, அறையில் தங்கியது.

ஏழாவது ஆள் போகும்போதுதான் அது அவர் நினைவில் தைத்தது. கடைசி நாட்களில் கர்த்தர் இதோ உள்ளறையில் இருக்கிறார் என்பார்கள், போகாதே என்றுதான் வேதத்தில் எச்சரித்திருக்கிறது. வருகிறவர் மின்னலைப் போல எல்லோரும் பார்க்க வருவார். உள்ளறைக்குள் ஒளிந்துகொண்டு கதவைத் தட்டமாட்டார். இன்றைக்கு அவர் வரும் நாளே இல்லை. அதை இந்த அறையில் அறிந்தவர் ஒரே ஒருவர்தான்.

அப்படியானால் உள்ளே இருப்பது யார்?

தன்னைத் தாண்டிப் போன பேக்கரிக்காரரைக் கணக்கண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். போகாதீங்க என்றார். சத்தமே வரவில்லை. பேக்கரிக்காரர் சிரித்தார்.

“நீங்க சொன்ன நாள்தானே, அண்ணே?”

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. தப்பு. எத்தனை பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் எழுதிய வார்த்தை. ஏற்கெனவே ஏழு பேர் உள்ளே போய்விட்டார்களே, இப்போது சொன்னால் அந்த ஏழு பேரை நான் எங்கே அனுப்பினேன் என்று கேட்பார்களே. பிடி தளர்ந்தது. பேக்கரிக்காரர் போனார். எட்டு.

ஒன்பது. பத்து. பதினைந்து. நாலு எட்டு நீளமுள்ள அறை. உள்ளே முழங்கை இடிக்கிற சத்தம்கூட இல்லை. கதவின் அடியில் ஈரம் மறுபடி கசிந்து நாற்காலிக் கால்வரை வந்திருந்தது.

அவர் மனைவி எழுந்தாள். நேரே அவரிடம் வந்து, மடங்கியிருந்த சட்டைக் காலரை எப்போதும் போல நீவிவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

“நீங்க சொன்னப்ப நான்கூட முழுசா நம்பலைங்க” என்றாள். “மன்னிச்சிடுங்க.”

அந்த ஒரு நொடியில் அவர் செத்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டார். அவள் போகும் கால்களை மட்டும் பார்த்தார். ஈரத்தில் மிதித்துப் போனாள். கதவு மூடியது.

கடைசியில் இரண்டே பேர். அவரும் மகளும். வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று தட்டல்.

மகள் எழுந்திருக்கவில்லை. நாற்காலி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சின்ன வயதில் வீட்டுப்பாடத்தை அவரிடம் நீட்டிவிட்டு நிற்பாளே, அந்த முகம்.

“அப்பா, எனக்குப் பயமா இருக்கு. உண்மையச் சொல்லுங்க. உங்க கணக்கு சரிதானே?”

இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. தப்பும்மா, எழுந்திரு, ஓடு. மூன்றே வார்த்தை. வாய்வரை வந்துவிட்டது. ஆனால் தப்பு என்றால் அந்தக் கதவுக்குப் பின்னால் இவள் அம்மா இருக்கிறாள். தெரிந்தே அனுப்பினீங்களா அப்பா என்று கேட்பாள். அந்தக் கேள்வியோடு அவள் பார்க்கப்போகும் பார்வையை அவரால் தாங்க முடியாது. அதுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் இல்லை.

“சரிதாம்மா” என்றார்.

அவள் நம்பினாள். எழுந்தாள். போனாள். கதவு மூடியது.

அமைதி.

பிறகு உள்ளே இருந்து, தெளிவாக, பக்கத்திலேயே, அவள் குரல்.

“அப்பா, இங்க யாருமே இல்லப்பா. அம்மாவும் இல்ல.”

அவர் பாய்ந்தார். ஈரத்தில் வழுக்கி முழங்காலில் விழுந்து, தவழ்ந்து கதவைப் பிடித்தார். வெளியே வா என்று கத்த வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

குரல் உள்ளே இருந்து வந்தது. அவருடைய குரல். ஜெபக் கூட்டத்தில் படத்தை விளக்கும்போது வருகிற, நிதானமான, அன்பான குரல்.

“சரிதாம்மா. இன்னும் கொஞ்சம் உள்ள வா.”

“சரிப்பா.”

கதவை இழுத்துத் திறந்தார். உடைந்த நாற்காலிகள். விரிப்புகள். ஒலிபெருக்கிப் பெட்டி. நாலு எட்டில் எதிர்ச்சுவர், வெறும் சுவர். யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

ஆனால் அவள் நடக்கும் சத்தம் கேட்டது. வெறுங்கால் தரையில் படும் சத்தம், நிற்காமல், ஒரே சீராக, அவரைவிட்டு விலகிப் போய்க்கொண்டு. நிலைப்படியில் முழங்கால் போட்டபடி அவர் எண்ணத் தொடங்கினார். நாலு. ஐந்து. முப்பது. எழுபது. எழுபத்தொன்று. அவள் இன்னும் நடந்துகொண்டிருந்தாள்.