அசையும் முற்றம்

குஜிலியம்பாறையைத் தாண்டிப் பஸ் இறங்கி, காய்ந்த சோளக்காட்டு வழியே ஒரு மைல் நடந்தால் அந்த வீடு. காலை பதினொரு மணிக்கு ரோசலினும் அன்புமணியும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆள் இல்லாத பழைய வீடு. நடுவில் கல் பாவிய முற்றம், மூலையில் ஒரு கிணறும் வேப்பமரமும், பக்கத்தில் துருப்பிடித்த பூட்டுத் தொங்கும் ஓர் அறை. நான்கு மாதமாக மழை இல்லை. ஆனாலும் முற்றத்தில் சேற்று வாடை அடித்தது.

மூங்கில் கழியில் செல்போனைக் கட்டி, மாடி விளிம்பிலிருந்து நேர்கீழே ஒரு நிமிடம் படம் பிடித்தாள் ரோசலின்.

அவளும் அன்புமணியும் மெஹராஜும் ஒன்றாகப் படித்தவர்கள். ஞாயிறுதோறும் பேகம்பூரில் மெஹராஜ் வீட்டு மாடி அறையில் கூடி விளையாடுவார்கள். ஆளுக்கொரு வீரன் வேடம். பகடை உருட்டி, வாயாலேயே கதை நடத்தும் ஆட்டம். கதை சொல்வது ரோசலின். மேசையில் ஒரு பழைய டிவியைப் படுக்கவைத்து, அதில் அந்த முற்றத்து வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் காய்களை வைத்து நகர்த்த வேண்டும் என்பது அவள் ஆசை.

வீடியோ ஓடவில்லை.

முதல் ஞாயிறு சாம்பல் திரைதான் வந்தது. அடுத்த ஞாயிறு படம் திக்கித்திக்கி நின்றது. வேறு வேறு வடிவில் பதினொரு ஃபைலாக மாற்றிப் பார்த்தாள். முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு விழுந்துகொண்டே இருந்தது.

"பேசாம ஒரு போட்டோவப் போட்டு ஆடிருவோம்" என்றான் அன்புமணி.

"நெழலு அசையணும்டா! அதுக்குத்தானே இம்புட்டுப் பாடு" என்று எரிந்து விழுந்தாள் ரோசலின்.

மூன்றாம் ஞாயிறு பிற்பகல், திரையில் வெளிச்சம் படாமலிருக்க ஜன்னல்களுக்குப் போர்வை மாட்டினார்கள். வீடியோ ஓடியது. கற்களின் மேல் வேப்ப நிழல் ஆடியது. மெஹராஜ் தன் நீலக் காயைக் கிணற்றருகே வைத்தாள்.

ஒரு நிமிடம் ஆனது. அதே வெட்டு.

படம் மறுபடி தொடங்கியபோது, பூட்டிய அறை திறந்திருந்தது.

"ச்சே, இது என்ன ஃபைலு?" என்று டிவியோடு இணைத்திருந்த லேப்டாப்பைத் தட்டினாள் ரோசலின். அன்புமணி திரையை உற்றுப் பார்த்தபடி கேட்டான்: "நாம போனப்ப அது பூட்டித்தானே கெடந்துச்சு?"

அன்புமணி தன் முறைக்குப் பகடையை உருட்டினான். திரையில், திறந்த அறையின் வாசற்படியில் ஈரமாக ஒரு பாதச்சுவடு விழுந்தது. மெஹராஜ் உருட்டினாள். இன்னொன்று.

காலைப் பதித்தவர் யாரும் படத்தில் இல்லை.

"படம் கெட்டுப்போச்சு, அம்புட்டுதான்" என்றாள் ரோசலின். மூன்று வார உழைப்பு பாழாகிறதே என்ற ஆத்திரம் அவளுக்கு. பிடிவாதமாகத் தானும் உருட்டினாள்.

மூன்றாவது சுவடு நீலக் காயை ஒட்டி விழுந்தது.

அவர்கள் இருந்த மாடி அறைக்குள் அதே சேற்று வாடை.

"ரோசி..." மெஹராஜின் குரல் அடங்கியிருந்தது. "எம் பின்னால யாருடி நிக்கிறது?"

அவள் பின்னால் சுவர்தான் இருந்தது.

ரோசலின் நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். நிற்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். அன்புமணி பாய்ந்து டிவியின் பிளக்கைப் பிடுங்கினான். திரை கறுத்தது.

மெஹராஜ் எழவில்லை. வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. இரு கைகளும் மேசை விளிம்பை இறுகப் பற்றியிருந்தன.

கறுத்த கண்ணாடியின் மேல் நீலக் காய் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"காய எடு! ரோசலின், காய எடு!" என்று கத்தினான் அன்புமணி.

அவள் எடுத்தாள். பனிக்கட்டியைத் தொட்டதுபோல் விரல் சுரீரென்றது. மறுகணம் மெஹராஜ் ஹக்கென்று மூச்சை இழுத்தாள். அவள் தோளில், துணியின் மேல், ஐந்து விரல் ஈரமாகப் பதிந்திருந்தது.

அன்றே பதினொரு ஃபைலையும் அழித்தாள் ரோசலின். அழிக்கும்போது அழுதாள். பயத்தில் பாதி, எரிச்சலில் பாதி. சிநேகிதியின் மூச்சு நின்ற பிறகும் ஃபைலைப் பார்த்து மனம் இழுக்கிறதே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"ஆட்டத்த விட்ருவோம்" என்றாள்.

"விட்டா அந்தப் பயம் எனக்குள்ளயே தங்கிரும்டி" என்றாள் மெஹராஜ். "காகிதத்துல ஆடுவோம்."

அடுத்த ஞாயிறு போர்வைகள் இல்லை. எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. டிவி இருந்த இடத்தில் பென்சிலால் வரைந்த காட்டு வரைபடம். நல்ல வெயில். மெஹராஜ் ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள்.

அன்புமணி ஆடினான். மெஹராஜ் ஆடினாள். ரோசலின் ஆடினாள்.

"மூணு பேரும் ஆடியாச்சு" என்றாள் ரோசலின், காகிதத்தில் குறித்தபடி. "அடுத்து யாரு..."

மேசை நடுவே கிடந்த பகடை மெல்ல உருண்டது.

யார் கையும் அதன் பக்கத்தில் இல்லை.